உள்ளே மட்டும் வந்த மெயில்

மேனேஜர் தன் மேசையிலிருந்தே ஒரு மெயில் அனுப்பினார். பத்தடி தள்ளியிருந்த அண்ணியின் கம்ப்யூட்டர் டிங் என்றது. கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவள் கொழுந்தன் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"நான் அனுப்பினா வருது. வாடிக்கையாளர் அனுப்பினா மட்டும் அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பிப் போகுதாம். நாலு நாளா இதே கதை. பெரிய ஆர்டர் ஒண்ணு கைவிட்டுப் போச்சு. யாரும்மா தடுத்து வச்சது, பேயா?"

பம்பு உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி அது. வெளியிலிருந்து வரும் மெயில்களைப் பார்ப்பது அண்ணியின் வேலை. போன வாரம்தான், "ஒத்த ஆளா முடியலை சார்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். வேலையைக் குறைக்க அவளே மெயிலைத் தடுத்தாள் என்று நினைக்க அந்தச் சொல்லே இப்போது காரணமாயிற்று.

"நானும் ஒண்ணு அனுப்பறேன் அக்கா, பதறாதீங்க" என்றாள் கணக்கு பார்ப்பவள். டிங். கிடங்கிலிருந்து ஒருவன் அனுப்பினான். டிங். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சிரிப்பு. அண்ணி விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூலையில் இருந்த அவனுக்கு மட்டும் தெரியும், இது சோதனையே அல்ல என்று. ஆபீசுக்குள் அனுப்பும் மெயில் வெளியே போவதே இல்லை. உள்ளேயிருக்கும் சர்வரே வாங்கி உள்ளேயே கொடுத்துவிடும். வெளியிலிருந்து வருவதுதான் வழி கேட்டு வரவேண்டும். நாலு நாளைக்கு முன் புது வெப்சைட்டுக்காக, கம்பெனி முகவரிக்கு வெளியாருக்கு வழி சொல்லும் நேம் சர்வரை மாற்றியவன் அவன். மெயில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு வரியைப் புது இடத்தில் எழுத மறந்திருந்தான். வெப்சைட் திறந்தது, எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அண்ணிதான். "என் கொழுந்தன் சார், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்தாள். மூன்று மாதத் தற்காலிகம் இன்றோடு முடிகிறது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவன் எழவில்லை. திரையைக் குனிந்து பார்த்து அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்தான். மெயில் வந்துவிட்டால் அண்ணி தப்பிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எழுந்திரிங்கம்மா" என்றார் மேனேஜர். "இன்னைக்கு உங்க இடத்துல வேற ஆள் உட்காரட்டும், பார்ப்போம்."

கணக்கு பார்ப்பவள் போய் உட்கார்ந்தாள். அண்ணி சுவரோரம் நின்றாள். அரைமணி நேரம் அப்படியே போயிற்று.

டிங்.

"சார், வெளி மெயில்!"

டிங். டிங். மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். "ஆள் எழுந்ததும் மெயில் வருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அண்ணி மூலையிலிருந்த அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, நீ சொல்லுப்பா. சர்வர்ல கோளாறு ஏதாவது?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு." அந்த நொடியில் அது உண்மையாகவும் இருந்தது.

"சொந்த அண்ணின்னுகூடப் பார்க்காம உள்ளதைச் சொல்றான் பாருங்க. நாளையிலிருந்து இவன் நிரந்தரம், நீங்க வரவேணாம். நீங்க இங்க உருப்படியா செஞ்ச ஒரே வேலை இவனைச் சேர்த்ததுதாம்மா."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகிறவள் அவன் மேசையருகே நின்றாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் வீட்டில் பேசுவதுபோலவே இருந்தது.

"தம்பி, சாயங்காலம் உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு, நான் எதையும் தடுக்கலைன்னு. நான் சொன்னா கத்துவார். கம்ப்யூட்டர் விஷயம், நீ சொன்னா நம்புவார்."

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பார்க்கலாம் அண்ணி" என்றான்.