போட்டிக்கு வந்த உறுமி

ஈப்போ மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் எட்டு உறுமி மேளக் குழுக்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அரசுப் பட்டம் பெற்ற பிரமுகரான டத்தோ வந்து குத்துவிளக்கு ஏற்றினால்தான் போட்டி தொடங்கும். காலையிலிருந்து இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றுதான் பேச்சு.

தவில்காரர் நவமணி சுவரோரம் குந்தினார். "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன். சாமிக்கு அடிக்கிற மேளத்துக்கு என்னலா போட்டி?"

ஆயர் தாவார் குழுவின் தலைவன் தீபன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். நவமணியையும் குழுவில் மற்றவர்களையும் போட்டிக்குக் கிளப்பிக் கூட்டிவந்தது அவன்தான். "ஜெயிச்சா டத்தோ கோயில்ல தைப்பூசத்துக்குக் கூப்புடுவாங்கண்ணே. அவருதான் தலைவரு."

"தோத்தா?"

சித்தியவான் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவும் இன்றைக்குத்தான். வருஷா வருஷம் அங்கே கரகத்துக்கு அடிப்பது இவர்கள் குழு. இந்தத் தடவை வரமுடியாது என்று சொன்னதும் கோயில்காரர்கள் வேறு குழுவைப் பிடித்துவிட்டார்கள். இனிமேல் அவர்களேதான் என்றும் சொல்லிவிட்டார்கள். குழுவுக்கென்று இருந்த ஒரே கோயில் அது.

ஏற்பாட்டாளர் தனேஸ்வரன் மைக்கோடு ஓடிவந்தார். "வாராரு, வாராரு! எல்லாக் குழுவும் அடிங்க!"

எட்டுக் குழுவும் சேர்ந்து அடித்தது. வாசலில் திரும்பிய வண்டி சாப்பாட்டு வேன். பிரியாணி மணக்க, எட்டு மேளத்தின் மரியாதையோடு உள்ளே போனது.

"சோத்துக்கு இவ்ளோ மரியாதையா!" என்றார் நவமணி. யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

அப்புறம் இன்னொரு காருக்கு அடித்தார்கள். அதில் மாலை கட்டுகிறவர் இறங்கினார். தீபன் குழுவின் உறுமிக்காரர் சின்னையா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்தவர். நின்றபடியே கண் சொக்கினார்.

ஒருவழியாக டத்தோ வந்தார். வாசலிலிருந்து மண்டபம்வரை அடித்தார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். "நிறுத்தாதீங்க!" என்று தனேஸ்வரன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சின்னையா வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, உறுமித் தோல் நடுவில் பிளந்துகொண்டது. ஐயோ என்று அவர் போட்ட சத்தம் மேளத்தில் அமுங்கிப்போனது.

இவர்கள் முறை வந்தபோது தஞ்சோங் ரம்புத்தான் குழுக்காரர் ஒருவர் தம் உறுமியைக் கழற்றி நீட்டினார். "இத வெச்சி அடிங்க மச்சான்."

தனேஸ்வரன் குறுக்கே வந்தார். "முடியாதுலா. அவங்கவங்க வாத்தியத்துலதான் அடிக்கணும். விதி."

"அந்த விதிய யாரு எழுதினா?" என்றார் நவமணி.

"நாந்தான். அதுக்காக மாத்த முடியுமா?"

தீபன் முன்னால் வந்து கத்தினான். "ஒங்க டத்தோவ வரவேத்துதான் கிழிஞ்சிச்சி!"

"அடிங்கன்னுதானே சொன்னேன், கிழிங்கன்னா சொன்னேன்?"

அடுத்த குழுவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்கள். தீபன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. யாரும் திட்டவில்லை.

வேன் கதவைச் சாத்தும் நேரத்தில் தனேஸ்வரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணே, டத்தோ கெளம்பிட்டாரு. அவருக்கு வேற எடத்துல நிகழ்ச்சியாம். வழியனுப்ப மேளம் இல்ல, மத்தவங்கல்லாம் மேடைகிட்ட நிக்கிறாங்க. வந்து அடிங்கண்ணே. அவரு கண்ணுல பட்டா ஒங்களுக்குத்தானே நல்லது?"

"உறுமி இல்லியேலா," என்றான் தீபன்.

"பரவால்ல, சும்மா தேய்க்கச் சொல்லுங்க. படத்துல சத்தமா கேக்கப்போவுது?"

தீபன் நவமணியைப் பார்த்தான். அவர் வேனிலிருந்து தவிலை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வா. அடுத்த வருஷம் எங்கயாச்சும் அடிக்கணும்ல."

கறுப்புக் கார் மெதுவாக நகர்ந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே டத்தோ தலைகுனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுப்பவர் சின்னையாவை முன்னால் வரச்சொல்லிச் சைகை காட்டினார். சின்னையா ஓர் அடி முன்னே வைத்து, கிழிந்த தோலின்மேல் குச்சியை வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, படத்துக்காகச் சிரித்தார்.