தொரையின் அரை மாத்திரை

எங்கள் வீட்டுப் பூனைக்குத் தைராய்டு என்று சொன்னால் சங்கரன்கோவிலில் சிரிக்காத ஆள் கிடையாது. மருந்துக்கடைக்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரர் நாறும்பூநாதன் தாலுகா ஆபீஸில் போய்ச் சொல்ல, ஆபீஸே சிரித்ததாம். சிரித்துத் தொலையட்டும். அவர்களில் ஒருவராவது ஒரு பகல் எங்கள் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் பல்லை மூடிக்கொண்டு போயிருப்பார்.

தொரைக்குப் பதிமூன்று வயது. வயதான பூனை ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இவன் சித்திரை வெயிலில் நடக்க ஆரம்பித்தான். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து பீரோ, பீரோவிலிருந்து மறுபடி அடுப்படி. நடந்துகொண்டே கத்துவான். தட்டு நிறைய வைத்தாலும் நக்கித் துடைத்துவிட்டு அடுத்த தட்டுக்கு நிற்பான். அவ்வளவு தின்றும் தடவினால் முதுகெலும்புதான் கையில் தட்டுப்பட்டது. வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொரையைக் கூடையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, இந்தப் பசியும் ஓட்டமும் மெலிவும் அதனால்தான் என்றார். மனிதர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதானாம். காலையில் அரை, மாலையில் அரை, ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும். நோய் போகாது, அடங்கி இருக்கும்.

"விட்டு விட்டுக் குடுத்தா பிரயோஜனம் இல்லம்மா. நெஞ்சு இப்பவே ரொம்ப வேகமா அடிக்கி. இப்படியே ஓடுனா ஒருநாள் நின்னுரும்" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் தொரைதான் உன் பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் பூனை. திருட்டுப் பூனை, முன்கோபக்காரப் பூனை. நான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் காலடியில் வந்து படுக்கிற பூனை. அவன் அப்படியே எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பூனைக்கு மாத்திரை கொடுப்பது இருக்கிறதே, அது பெரிய பாடு. தயிர்ச்சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான். வாயைத் திறந்து போடப் பார்த்தால் என் கை கிழிந்தது. பொடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடைசியில் அவித்த சாளை மீனின் சதைக்குள் பொதிந்து வைத்தேன். மடக்கென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து மீன்காரர் எங்கள் தெருவுக்குத் தவறாமல் வந்தார். ஆனி முடிவதற்குள் கத்தல் அடங்கியது. மத்தியானத்தில் ஜன்னலோரம் நீட்டி நிமிர்ந்து தூங்கவும் செய்தான்.

அப்புறம் கோயிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறியது.

கொடி ஏறினால் தபசு முடியும்வரை எங்கள் வீட்டு வாசலை மீன் என்ன, முட்டைகூடத் தாண்டாது. வீட்டுக்காரர் இதில் கறார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. தொரைக்காக ஆடிச்சுற்று நேர்ந்திருந்தேன். கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள், கோயிலைச் சுற்றுகிறவர்கள் அவள் கால் வலியில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள் என்று இங்கே சொல்வார்கள். வலியை நான் வாங்கிக்கொள்கிறேன், இவன் நெஞ்சை நீ பார்த்துக்கொள் என்று அவளிடம் பேசி வைத்திருந்தேன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமென்றால் விரதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் மாத்திரை? பக்கத்து வீட்டில் தங்கபாய் டீச்சர் இருந்தார். ரிட்டயரான டீச்சர், எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். கிறிஸ்தவக் குடும்பம், கோயில் கொடிக்கும் அவர்கள் அடுப்புக்கும் சம்பந்தமில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"தபசு முடியட்டும் டீச்சர், அதுவரைக்கும் ரெண்டு நேரமும் ஒங்க வீட்டுலயே குடுத்திருங்க. எதுல வச்சுக் குடுக்கணும்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

மீன் என்ற சொல்லை விரத வாயால் சொல்லக் கூசியது. டீச்சர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் தலையாட்டினார்.

நான் சுற்ற ஆரம்பித்தேன். விடிந்ததும் போவேன், சமைத்து வைத்துவிட்டு மறுபடி போவேன். வெளிவீதிக் கல் உள்ளங்காலைப் பொரித்தது. நாலைந்து நாள் கழித்து வீடு திரும்பினால் தொரை நடந்துகொண்டிருந்தான். அடுப்படி, வாசல், பீரோ. பழைய கத்தல். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சாப்பிட்டானா என்று கேட்டேன். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்றார். அப்படியானால் என் சுற்றுத்தான் போதவில்லை என்று முடிவுகட்டினேன். அவன் வீட்டுக்குள் நடக்க நடக்க நான் கோயிலைச் சுற்றினேன். ராயகிரியிலிருந்து வந்த ஒரு அம்மா கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். உட்கார்ந்தால் அவன் கத்துவது காதுக்குள் கேட்டது. எழுந்துவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால் அவரும் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்றுதான் கேட்டார். போகாமல் என்ன என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன்.

தபசன்று காலையில் தொரை நடக்கவில்லை. பீரோவுக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சு துடிப்பது வெளியே தெரிந்தது. தட்டை நகர்த்தினேன், தலையை மட்டும் தூக்கினான். வீட்டுக்காரர் விடியவே கோயிலுக்குப் போயிருந்தார். ஊரெல்லாம் கூட்டம், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார். உள்ளங்கையை விரித்தார். மஞ்சள்கரு காய்ந்து ஒட்டிய அரை மாத்திரைகள், ஒரு கைப்பிடி.

"எங்க வீட்டு பிரிட்ஜுக்கு அடியில பெருக்குனேன்மா. அங்கன கெடந்துச்சு."

"மீன்லயா வச்சுக் குடுத்தீங்க?"

"முட்டையில வச்சேன். தின்னுட்டான்னுதான் நெனச்சேன், கர்த்தருக்குத் தெரியும். நீ வெறுங்காலோட அந்த வெயில்ல சுத்துத. ஒரே சுவரு. என் வீட்டு மீன் வாசம் ஒன் விரதத்தக் கெடுத்திரக் கூடாதுன்னு, கொடி ஏறுனதுல இருந்து நாங்களும் மீன் எடுக்கல."

யாரைத் திட்ட? வாய் நிறைய கோபம் இருந்தது, விடுவதற்குத்தான் ஆள் இல்லை. தொரைக்காக நான் மீனை விட்டேன். எனக்காக டீச்சர் மீனை விட்டார். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்ததில் நடுவே அவன் மருந்தில்லாமல் செத்துக்கொண்டிருந்தான். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழக்கூட நேரமில்லை.

டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். இந்த நேரமே மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், அங்கே இங்கே தூக்கி அலைக்கழிக்காமல் நாளைக் காலையில் நேராகக் கொண்டுவர வேண்டும் என்றார். இரவைத் தாண்டுவானா என்று கேட்டேன். கொடுங்கள், பார்ப்போம் என்றார்.

"டீச்சர், எனக்கு மீன் வேணும்" என்றேன்.

டீச்சரின் வீட்டுக்காரர் சாம்ராஜ் அண்ணாச்சி பைக்கை எடுத்துக்கொண்டு மீன் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் போய், மத்தியானத்துக்கு மேல் சாளையோடு திரும்பினார். அவித்து வாசலில் வைத்துவிடுகிறேன், உன் கை படவேண்டாம் என்றார் டீச்சர். நான் கேட்கவில்லை. என் அடுப்பில், சாமிக்குப் பொங்கல் வைத்த அதே அடுப்பில், சாளையை வைத்தேன். தீயைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தேன். அம்மனுக்குப் பயந்தா, தொரையை நினைத்துப் பயந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பேசினபடி நடக்காதது நீதான், நானில்லை என்று அவளிடம் வாய்விட்டே சொன்னேன்.

மீனை இறக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டையில்லாத மேலெல்லாம் திருநீறு. அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்க நேரமாகிறது, கிளம்பு என்று சொல்ல வந்தவர் வாசனை பிடித்து நின்றார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு நூறு வைத்திருந்தேன். அவர் பீரோவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவசரத்துல முள்ளோட குடுத்திராத" என்றார்.

அவரே முள் எடுத்தார். நான் சதைக்குள் அரை மாத்திரையைப் பொதிந்து தொரையின் வாயருகே கொண்டுபோனேன். மோந்தான். திரும்பிக்கொண்டான். மறுபடி நீட்டினேன். என் விரலை நக்கினான், அப்புறம் மெதுவாக வாங்கினான். விழுங்கினான். துப்பவில்லை. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், இல்லை.

பதிமூன்று வருஷத்தில் இந்த மனுஷன் தொரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மீன் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அவன் விலாவின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்ததும் முகம் மாறியது.

"என்னட்டி இது, இந்த ஓட்டம் ஓடுது."

நான் தினமும் சொன்னதுதான். இப்போது சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. தெருவில் சனம் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. மேளச் சத்தம் நெருங்கியது. நீங்களாவது போய்க் காட்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன் என்றேன். அவர் அசையவில்லை.

"கைய எடுக்கப் பயமா இருக்குட்டி" என்றார்.