கொடுக்கிற வீடு

செத்தவர்கள் தானம் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். அதனால் மகாலட்சுமி அக்கா போனில் அழுதபோது நன்றாகச் சத்தம் போட்டுவிட்டேன்.

"பவுனு வீட்டு வாசல்ல பை தொங்குது மேடம். நெறஞ்சு தொங்குது."

தனியாக இருந்த கிழவி பவுனு செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பழனிசெட்டிபட்டியில் இரண்டே அறையில் நடக்கிற சின்ன அறக்கட்டளையில் நான் வேலை பார்க்கிறேன். ஊர் தானாகக் கொடுத்தால், அதோடு சேர்த்து நாங்களும் கொடுப்போம், அவ்வளவுதான் எங்கள் கொள்கை. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற மகாலட்சுமி அக்கா ஊரில் பிடியரிசி வழக்கம் உண்டு. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து மஞ்சள் பையில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையை வாசல் கதவில் மாட்டுவார்கள். மகளிர் குழுத் தலைவி மகாலட்சுமி அதையெல்லாம் சேர்த்து, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொடுப்பார். சேர்ந்த அரிசிக்குச் சமமாக நாங்கள் பருப்பு தருவோம்.

அடுத்த பஸ்ஸில் போனேன். பூட்டிய கதவில் பை தொங்கியது, மார்க்கரில் 'பவுனு' என்று எழுதியிருந்தது. கையை உள்ளே விட்டேன். அரிசி ஈரமாக இருந்தது. பத்து நாளாக அந்தப் பக்கம் மழையே இல்லை.

"அவுக போடுற அரிசி எப்பவுமே ஈரமாத்தான் இருக்கும் மேடம்," என்றார் மகாலட்சுமி. "உலைத் தண்ணியில கெடந்ததத் திரும்ப அள்ளிப் போட்ட மாதிரி."

"இத ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"கொடுக்குறவுககிட்டப் போயி என்னன்னு கேக்குறது?"

அது எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிற பட்டியலில் பெயர் இருந்தால் வாங்குகிற பட்டியலில் பெயர் வரக்கூடாது என்று விதி போட்டவள் நான். ஏமாற்று நடக்காமல் இருக்க அப்படி ஒரு யோசனை. மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். கஞ்சிக்கே வழியில்லாவிட்டாலும், கொடுக்கிறவர் பட்டியலில் இருந்து தன் பெயரைத் தானே அடிக்கச் சொல்கிற ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? போன வருடம் ஒரு வெள்ளிகூடத் தவறாமல் கொடுத்தார் என்று பவுனுக்கு மேடையில் சால்வை போர்த்தினேன். தோள் எலும்பு கையில் தட்டியது. வயசு என்று நினைத்துக்கொண்டேன். இருந்த ஒரு கைப்பிடியையும் உலையிலிருந்து அள்ளியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருந்தாலும் அந்த நேரத்தில், "எவனோ வெளையாடுறான்" என்றுதான் சொன்னேன். அரிசியை மகாலட்சுமியிடம் கொட்டிக் கொடுத்துவிட்டு, வெறும் பையை ஆபீஸுக்குக் கொண்டுவந்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வெள்ளி முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பவுனு வீட்டுக் கதவில் பை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்டது. தண்ணீரை வடிக்கிற சத்தம். மறுபடியும் களைகிற சத்தம். பூட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொட்டதும் சத்தம் நின்றுவிட்டது.

"மேடம், எதுத்தாப்புல பாருங்க," என்றபடி மகாலட்சுமி ஓடிவந்தார்.

எதிர்வீடு ராக்கம்மாளுடையது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து, ஆறு மாதமாக வேலை இல்லாமல் இருக்கிறவர். கேட்டால், மகள் பார்த்துக்கொள்கிறாள் என்பார். இந்த வருடச் சால்வைக்கு அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

அவர் கதவில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்று அவருடையது. இன்னொன்று என் பீரோவில் இருக்க வேண்டியது. அது நிறைந்திருந்தது.

ராக்கம்மாள் பைக்குள் கையை விட்டேன். அடியில் கொஞ்சமாகக் கிடந்த அரிசி ஈரமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாயில் கிடந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அடுப்பில் சாம்பல்கூடச் சில்லிட்டிருந்தது.

"எப்ப சாப்பிட்டீகக்கா?"

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "பவுனக்கா தெனம் காலையில வந்து இதத்தான் கேக்குறாக. நீங்களுமா?"

பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். "யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா எம்பேர வெட்டிருவீகள்ல? நாங்க கொடுக்குற வீடு மேடம். எங்கப்பன் காலத்துலருந்து."

"வெட்ட மாட்டேன்க்கா. அந்தப் பாழாப்போன விதியத்தான் வெட்டணும். அதப் போட்டதும் நான்தான்." எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மகாலட்சுமி குழம்பு எடுத்துவரத் தன் வீட்டுக்கு ஓடினார். நான் அடுப்பைப் பற்றவைத்து, பவுனு பையிலிருந்த அரிசியைக் களைந்து குழைய வடித்தேன். முதலில் கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டு நாலு மடக்கு குடிக்க வைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் தனியாகச் சாப்பிடமாட்டார் என்று தெரியும், அதனால் எனக்கும் ஒரு தட்டு எடுத்தேன்.

"மூணா வைங்க," என்றார் ராக்கம்மாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி. "அவுக வாசல்ல நிக்கிறாக."

நான் திரும்பவில்லை. பிடரியில் குளிர்ந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட வெட்கமாக இருந்தது. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், போட்டோ எடுத்தேன், கை தட்டச் சொன்னேன். அந்த மனுசியை ஒருநாள்கூட ஒரு வாய் சாப்பிடச் சொன்னதில்லை.

மூன்றாவது தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கத்தில் வைத்தேன்.

"உள்ள வாங்கம்மா," என்றேன். "உக்காந்து சாப்பிடுங்க."

என் பக்கத்தில் பாய் அமுங்கியது.