தையல் கூலி நாலாயிரத்து இருநூறு

“தையல் கூலி நாலாயிரத்தி எரநூறா? ஏனுங்க ராசம்மாக்கா, என்ற சோபாவத் தங்க ஜரிகையிலயா தச்சீங்க?”

முட்டைக் கடை சாரதாமணி, கையில் பில்லோடு குஷன் கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு, காலை பதினொரு மணிக்கு வேறு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் பால் பொங்குவதைக்கூட கவனிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே ராசம்மாள் மெஷினை விட்டு எழவில்லை. ஒரு லாரி சீட்டின் உறை, பாதி தைத்தபடி ஊசிக்கு அடியில் கிடந்தது. நடுவில் எழுந்தால் ஓரத்துப் பைப்பிங் கோணிக்கொள்ளும்.

“பக்கத்து ஊட்டுக்காரிங்கிற எண்ணங்கூட இல்லியா? உங்க புள்ள தீபிகா காய்ச்சல்ல கெடந்தப்போ என்ற வண்டியிலதான ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?”

“எவ்வளவுன்ன?” என்றாள் ராசம்மாள்.

“நாலாயிரத்தி எரநூறு. நல்லாப் பாருங்க. எழுதிருக்குது.”

ராசம்மாள் எழுந்தாள். பைப்பிங் கோணிக்கொண்டது.

பில்லை வாங்கிப் பார்த்தாள். ரெக்சின் பதினொரு மீட்டர், ஃபோம், பின், பசை, எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் தையல் கூலி. அந்த சோபாவுக்கு ஐந்து சீட்டு. சீட்டுக்கு நூற்றிருபது வீதம் அறுநூறு ரூபாய் சனிக்கிழமை அவள் கைக்கு வந்திருந்தது. அதில் ஒரு நோட்டு கிழிசல் வேறு. மாற்றித் தரச் சொல்லி இன்னும் மாறவில்லை.

கடை முதலாளி அன்பரசு ஒரு ஃபோம் பலகையை மிக அக்கறையாக அளந்துகொண்டிருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் பென்சில். அதே பலகையை அவர் மூன்றாவது தடவையாக அளப்பதை ராசம்மாள் பார்த்தாள்.

அன்பரசு ஒன்றும் திருடர் இல்லை. வாடகை உண்டு, கரண்ட் பில் உண்டு, லாரியைக் கடைக்கு ஓட்டிவருகிற டிரைவருக்குக் கமிஷன் உண்டு. அதையெல்லாம் எங்காவது வைத்துத்தான் வாங்க வேண்டும். அவருடைய அப்பா காலத்தில் துணியில் வைத்தார்கள். இப்போது சேலத்துக்குப் போகிறவன் ரெக்சின் விலையை விசாரித்துவிட்டு வந்து சண்டை பிடிக்கிறான். ஃபோம் விலை போனில் தட்டினால் வந்து நிற்கிறது. ஊசி ஓடுகிற பாதைக்கு மட்டும்தான் எவனும் விலை பார்க்க முடியாது. ஆகவே மொத்த லாபத்தையும் அந்த ஒரு வரியில் இறக்கி வைத்திருந்தார். வாடிக்கையாளர்களும், ‘பாவம், ஒரு பொம்பளை நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கிறா, போகட்டும்’ என்று பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடையில் தைப்பவள் ஒருத்திதான் என்பது ஊருக்கே தெரியும்.

பதினோரு வருடம் இப்படி நடந்திருக்கிறது. ராசம்மாள் பில்லைப் பார்த்ததே இல்லை. பில் முன்னால் மேசையில், அவள் பின்னால் மெஷினில்.

இப்போது பார்த்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாரியம்மன் பண்டிகைக்கு நன்கொடை நோட்டில் அவள் பேரில் ஐயாயிரத்து ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார்களே, அது. நாத்தனார் வண்டி வாங்க ஐம்பதாயிரம் கைமாத்து கேட்டு, இல்லையென்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டாளே, அது. எல்லாவற்றையும்விட, செங்கோட்டையன்.

மல்லசமுத்திரத்து செங்கோட்டையனுக்கு இரண்டு லாரி, ஒரே மகன் தனசேகர். தீபிகாவைப் பெண் பார்த்து, ஏழு பவுன் என்று பேசி முடித்தார்கள். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த ராசம்மாளின் கணவர்கூட போனிலேயே சரி சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து, தரகர் கைலாசம் வந்து பதினைந்து பவுன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “அவிய விசாரிச்சுட்டாங்க. பொண்ணோட அம்மாவுக்கு நல்ல வரும்படின்னு தெரிஞ்சுபோச்சு” என்று கண்ணடித்தார். என்ன வரும்படி என்று ராசம்மாள் மூன்று ராத்திரி யோசித்துப் பார்த்தாள். செங்கோட்டையனின் லாரி சீட்டெல்லாம் இந்தக் கடையில்தான் தைப்பது. அந்த மனிதர் பில்லை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

ராசம்மாள் பில்லை மேசைமேல் விரித்து வைத்தாள்.

“அன்பரசு, இங்க வா சாமி.”

“அக்கா, கஸ்டமர் முன்னால வேண்டாமுங்க. உள்ள பேசிக்கலாம்.”

“உள்ளயேதான் பதினோரு வருசமாக் கெடந்தேன். நீ வா.”

சொல்ல வாயெடுத்தவள் ஒரு நொடி நின்றாள். கடை பெஞ்சில் ஒரு டிரைவர் வடை தின்றுகொண்டிருந்தான். செங்கோட்டையனின் டிரைவர். ஊசிக்கடியில் பாதியில் கிடந்தது அவன் லாரியின் சீட்டுதான். இங்கே சொல்கிற சொல், அவன் வண்டியை எடுக்கிற அதே வேகத்தில் மல்லசமுத்திரம் போய்ச் சேரும். வாயை மூடிக்கொண்டால் எப்படியாவது கடன் வாங்கிப் பதினைந்து பவுன் போட்டுக் கல்யாணத்தை நடத்திவிடலாம். திறந்தால் என்ன ஆகுமென்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

“சாரதா, இந்த சோபாவுக்கு எனக்குக் குடுத்தது அறுநூறு” என்றாள் ராசம்மாள். “இந்தத் தெருவே கேட்டுக்கட்டும். சீட்டுக்கு நூத்தியிருவது.”

சாரதாமணியின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெதுவாக அன்பரசு பக்கம் திரும்பியது. “ஏனுங்க அன்பரசு, மிச்சம் மூவாயிரத்தி அறுநூறு யாருக்குங்க?”

“யாவாரம்னா அப்படித்தானுங்க. கடை வாடகை மட்டும் பதினெட்டாயிரம். நீங்க முட்டைல லாபம் வெக்கறதில்லியா?”

“முட்டைக்குத் தெனம் பேப்பர்லயே வெலை போடறான். அதுக்கு மேல முப்பது பைசா வெச்சாலே சின்னக் கொழந்தைகூட கேக்குது. உங்களாட்ட மூட்டையா வெச்சா, என்ற கடை அன்னிக்கே மூடிக்கும்.”

“லாபம் வெய்யி சாமி. வேண்டாங்கல” என்றாள் ராசம்மாள். “அதுக்கு என்ற பேர எதுக்கு வெக்கிற?”

அன்பரசுவுக்கும் ரோசம் வந்துவிட்டது. டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மேசையில் அடித்தார். “லாபம்னு எழுதுனா எவங்க்கா குடுப்பான்? நூறு ரூவா லாபம்னு எழுதிப் பாருங்க, கல்லைத் தூக்கிட்டு வருவானுக. தையல் கூலின்னா வாயத் தொறக்காமக் குடுக்கறானுக. உங்க பேருக்கு அந்த மதிப்பு. பெருமைப்படுங்க.”

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எதிர்ச் சாரி ரவிக்கைத் தையல்காரரும், பக்கத்து டயர் கடைக்காரரும் தங்கள் தங்கள் பில் புத்தகத்தை மேசைக்குள் தள்ளிக்கொண்டு ஒன்றும் அறியாதவர்கள்போல் நின்றார்கள்.

“ஒண்ணு, எழுதறதக் குடு. இல்ல, குடுக்கறத எழுது” என்றாள் ராசம்மாள்.

“நாளைக்குப் பேசலாமுங்க.”

அவள் உள்ளே போனாள். மெஷின் கடையுடையது, கத்தரி அவளுடையது. கத்தரியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அக்கா, அப்ப என்ற சீட்டு?” என்றான் டிரைவர்.

“உன்ற மொதலாளியவே வந்து தச்சுக்கச் சொல்லு. கூலி நூத்தியிருவதுன்னு சொல்லு. மறந்துறாத.”

அவன் மறக்கவில்லை. அன்று சாயந்திரமே கைலாசம் வந்தார். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை, உட்காரவும் இல்லை. “இல்லாத ஊட்டுல எதுக்குப் பொண்ணெடுக்கோணும்னு கேக்கறாங்க. நானென்ன பண்ணட்டும்?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். ராசம்மாள் கையிலிருந்த சொம்பு சுவரில் போய் மோதியது. அந்த நசுங்கல் இப்போதும் இருக்கிறது.

தீபிகா சொம்பை எடுத்து வைத்தாள். அழுவாள் என்று காத்திருந்த பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்கு ஏமாற்றம்தான். “நாலாயிரத்துக்கு வந்தவங்க அறுநூறுக்குப் போயிட்டாங்க. உடும்மா” என்றாள்.

மறு வாரம் சாரதாமணி, முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருந்த சாய்ப்புக் கொட்டகையைக் காலி செய்து ராசம்மாளுக்கு வாடகைக்கு விட்டாள். தெருவே மெச்சியது. வாடகையை ஊர் வாடகையைவிட முந்நூறு கூட்டியிருந்ததை ராசம்மாள் மட்டும் கவனித்தாள். பழைய மெஷின் ஒன்று தவணையில் வந்தது.

முதல் பில்லில் அவள் கடைசி இரண்டு வரிகளை இப்படி எழுதினாள்: தையல் கூலி எழுநூறு. லாபம் தொள்ளாயிரம்.

அன்பரசு சொன்னது சரியாகத்தான் போயிற்று. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரியில்தான் விரலை வைத்தார்கள். “லாபமா? மொகத்துக்கு நேராவேவா?” என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ரெக்சினை விட்டுவிட்டார், ஃபோமை விட்டுவிட்டார். முதல் மாதம் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். சாரதாமணியே தன் கடை நாற்காலிக்கு மெத்தை தைக்கக் கொடுத்துவிட்டு, “என்றகிட்டயுமா லாபம்?” என்று கேட்டாள்.

“முட்டை எனக்குச் சும்மாவா குடுக்கற?” என்றாள் ராசம்மாள்.

அந்த வரியை அவள் அழிக்கவில்லை. திரும்பிப் போனவர்களில் சிலர், மற்ற கடைகளின் பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். வாத்தியாரும் வந்தார், லாபத்தில் ஐம்பது குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அன்பரசு புதிதாக வைத்த தையல்காரன் ஒரு ஸ்லீப்பர் பஸ்ஸின் மெத்தை உறைகளை இரண்டு அங்குலம் சிறிதாகத் தைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அடுத்த தை மாதம் அன்பரசு கடையைக் கரூருக்கு மாற்றிக்கொண்டார். அங்கே தையல் கூலி என்று எழுதுவதில்லையாம், ‘சர்வீஸ்’ என்று எழுதுகிறாராம்.

தனசேகருக்கு ராசிபுரத்தில் இருபது பவுனோடு பெண் கிடைத்தது. தீபிகா அதற்கடுத்த ஆவணியில் ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் தனுஷைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டாள். அவர்களும் பவுன் கேட்டார்கள், நான்கு. ராசம்மாள் மூன்று போட்டாள்.

இந்தக் கல்யாணத்துக்கும் தரகரான கைலாசம் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டார். பில் கொடுக்கவில்லை.