கீழே இரண்டு போல்ட்

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழைய கார் என்றால் உயிர். பின்பக்க நம்பர் பிளேட்டைத் தாங்கும் பிராக்கெட் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புதியதை வாங்கிவந்து மாட்ட உட்கார்ந்தார். நான் எட்ட நின்று, "இடப்பக்கம் தூக்கியிருக்கு, இறக்குங்க" என்று மேற்பார்வை பார்த்தேன்.

மாட்டி முடித்துக் கைவைத்தால், பிளேட் கதவு மாதிரி கீழே மடங்கியது. விட்டதும் ஸ்பிரிங் இழுத்து மேலே போனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா ஏமாத்திட்டான் கடைக்காரன்! கீழயும் ரெண்டு போல்ட் போட்டு இறுக்குங்க."

அவர் மறுபேச்சில்லாமல் இறுக்கினார். பிளேட் கல்லு மாதிரி நின்றது. இருவருக்கும் மனசு நிறைந்துபோய், ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கிளம்பினோம்.

வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். அங்கே வேலை பார்ப்பவர் குழாயைக் கையில் பிடித்தபடி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சார், மூடியைக் காணோமே. எங்க ஊத்தறது?"

மூடி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தது. காலையில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியதே என் வீட்டுக்காரர்தான். பிளேட் மடங்குவதே பெட்ரோல் போடத்தான், பழையதும் அப்படித்தான் மடங்கும் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் உறைத்தது.

சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடி எடுத்தவர், "இறுக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"நான் ஆயிரம் சொல்வேன். கல்யாணமான நாள்லேர்ந்து என் பேச்சைக் கேக்காத மனுஷன், இன்னைக்குன்னு பார்த்துதானா கேக்கணும்?"