தூக்கிப் போக ஏலாத சாமான்கள்

கண்டி ரயில்வே ஸ்டேசனின் மதிலோரம் தோட்டத்துச் சனங்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து, மழைக்காலமும் தொடங்கிவிட்டிருந்தது. இந்தியப் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இழுத்தடித்தவர்கள்கூட, வரிசை வீடுகளான லயங்கள் எரிந்ததைப் பார்த்த பிறகு பயணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

தேவாலயத்துக்கு மண்ணெண்ணெய் வாங்க அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்கிய சிவமணி, ஒரு ஆட்டுக்கல்லின் முன்னால் நின்றுவிட்டாள். கல்லுக்குச் சொந்தக்காரி அதன் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரைச் சேலை முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய சாமான் வாங்கும் வியாபாரிகள் பித்தளையையும் தகரப் பெட்டிகளையும் வந்த விலைக்கு அள்ளிப் போயிருந்தார்கள். கல்லை மட்டும் எவரும் தொடவில்லை.

"இத ரயில்ல ஏத்த மாட்டாங்களா?" என்று சிவமணி கேட்டாள்.

"பாரம்னு எறக்கிப்புட்டாங்க. எங்க மாமியா காலத்துக் கல்லும்மா. ரோட்டுல வுட்டுட்டுப் போக மனசு வரல. உனக்கு வேணும்னா எடுத்துக்க. அரைக்கிறவங்க கையில இருந்தாப் போதும்."

சிவமணிக்கு அந்தக் கல் தேவையில்லை. அவள் தேவாலயத்தின் பின்னாலிருந்த ஒற்றை அறையில் இருந்தாள். கூட்டுவதும் கதிரைகளைத் துடைப்பதும் பீடத்துத் துணிகளைத் துவைப்பதும் அவள் வேலை. அவள் வேதக்காரிகூட இல்லை. காலையில் திருநீறு பூசிக்கொண்டுதான் தேவாலயக் கதவைத் திறப்பாள். ஆனால் கலவரத்தின்போது சபை மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்கள் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தன. இப்போது அவர்கள் அங்கங்கே வாடகை அறைகளில், கொஞ்சம் மாவு அரைக்கவும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேசன் முற்றத்தில் கெலிஓயா நஸீம் முதலாளியின் லொறி நின்றது. மண்டபத்தில் சனம் அடைந்து கிடந்தபோது அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிய மனிதர். சிவமணி போய்ச் சொன்னதும் அவர் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புடவைக்கட்டு ஏத்துற லொறியில ஆட்டுக்கல்லா? சரி, ஏறுங்க தங்கச்சி. அல்லாஹ் எதுக்கெல்லாம் கூலி தருவானோ."

ரயில் வந்தது. கல்லுக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, லொறி திரும்பும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் நவரட்ணராஜா யாழ்ப்பாணத்துக்காரர். மண்டப வாசலில் கல்லைக் கண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதென்ன சிவமணி, கோயிலுக்குக் கல்லோ?"

"ஐயா, போறவங்க தூக்க ஏலாம வுட்டுட்டுப் போறாங்க. இங்க வூடு எரிஞ்சு போனவங்க ஒண்ணும் இல்லாம இருக்காங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு எடம் இருந்தாப் போதும். அந்த ஞாயிறுப் பள்ளி அறை சும்மாதானே கெடக்கு?"

போதகர் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். இல்லாதவரோடு பகிர வேண்டும் என்று பிரசங்கத்தில் அவர் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த காரியம் இப்போது மழையில் நனைந்தபடி வாசலில் கிடந்தது.

"ஓம், செய்வம். நீங்களே பாருங்கோ. ஆரிட்டையும் என்ன சமயம் எண்டு மட்டும் கேக்க வேண்டாம்."

அப்படித்தான் அந்த ஊழியம் தொடங்கியது. போதகர் அதற்கு வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் எழுதிப் பலகை மாட்டினார். சனங்கள் 'சிவமணி அறை' என்றே சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை சாமான் கொடுக்கும் நாள். மற்ற நாட்களில் வேலை முடிந்த பிறகு சிவமணி உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். சட்டிகளின் கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கால் ஆடும் கதிரைக்கு ஆணி அடித்தாள். பேராதனையிலும் கண்டியிலும் இருந்த பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் அலுமாரிகளைத் துப்புரவாக்கி அனுப்பியதில் ஒற்றைச் சப்பாத்தும் முள் இல்லாத மணிக்கூடும்கூட வந்தன. கிழிசலைக் கிழிசலாகக் கொடுக்க அவளுக்குப் பிடிக்காது. "வாங்குறவங்க ஏற்கனவே கூசிக்கிட்டு வர்றாங்க. நம்ம வேற ஏன் கூச வைக்கணும்?" என்பாள்.

சபையார் அல்லாதவர்களுக்கும் கொடுப்பதைப் பார்த்துச் சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருநாள் சிங்களப் பெண் ஒருத்தி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை கேட்டு வந்தபோது முணுமுணுப்புக் கூடியது. சிவமணி சட்டையை எடுத்து, அந்தப் பிள்ளையின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். போதகர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியில் போனார்.

அடுத்த வருடம் அவளுடைய மகள் இரஞ்சிதம் சாமான்களோடு வந்தாள். வாங்க அல்ல, கொடுக்க.

இரஞ்சிதம் கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். புருசன் ராஜலிங்கத்துக்கு அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. சிவமணியின் புருசன் உயிரோடு இருந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்திருந்தார். ராஜலிங்கத்தின் தகப்பன் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு கையெழுத்தில் மகள் ஒரு நாட்டுக்கும் தாய் ஒரு நாட்டுக்கும் ஆகிப்போனார்கள்.

"நாளைக்கு ரயிலும்மா," என்றாள் இரஞ்சிதம். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கியது. ராஜலிங்கம் சாக்கை அவிழ்த்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சோற்றுச் சட்டி, மாவரிப்பு, இரண்டு பாய், விறகு வெட்டும் கத்தி, ஒரு முக்காலி. குடும்பம் நடத்திய ஐந்து வருடமும் அந்த மேசையில் பாதியைக்கூட நிரப்பவில்லை.

"இந்தச் சட்டியையாச்சும் கொண்டு போயேன். போற எடத்துல ஒல வைக்க வேணாமா?"

"அங்க கேம்ப்புல எல்லாம் குடுப்பாங்களாம்மா. நீங்க இல்லாதவங்களுக்குக் குடுங்க. நீங்கதானே எல்லாருக்கிட்டயும் வாங்குறீங்க, எங்ககிட்ட வாங்க மாட்டீங்களா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை சிவமணி அவற்றையும் மற்றச் சாமான்களோடு மேசையில் வைத்தாள். சோற்றுச் சட்டியை மட்டும் கீழே ஒளித்து வைத்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து, "சட்டி இருக்காக்கா?" என்று கேட்டபோது குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. பிள்ளைகளின் சின்ன உடுப்புகள் மூட்டையில் வரும்போதெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, பேத்திக்குப் பத்துமா, அதற்குள் வளர்ந்திருப்பாளா என்று நினைப்பாள். மலைப் பாதையில் பஸ் இரைந்து ஏறினால் வாசலுக்கு வருவாள். கப்பல் ஏறினார்களோ, மன்னார்க் கரையில்தான் நிற்கிறார்களோ, ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஊராக ரயிலில் சோதனை என்றார்கள். கடலில் சண்டை என்றார்கள். பீடத்துத் துணியைப் பிழியும்போது சில நேரம் அவளை அறியாமல் வாய் முணுமுணுக்கும்: "அந்தக் கப்பல் போகாம நின்னா நல்லாருக்கும், சாமி." எந்தச் சாமியிடம் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. மாரியம்மனோ, பீடத்துக்கு மேலே தொங்கியவரோ, கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கப்பல் நின்றது. போதகர் வானொலியில் கேட்டு வந்து சொன்னார். "இனி எப்ப ஓடும் எண்டு தெரியாதாம்."

"அப்ப போய்ச் சேராதவங்க ஐயா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பின்னொரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்தது. சாமானுக்கு வந்தவர்கள் மண்டபச் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள். சிவமணி மேசைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் அவர்கள் கூசுவார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். ஒருவர் நகர, அடுத்த இரண்டு கைகள் மேசை விளிம்பில் வந்து நின்றன. கொழுந்துக் கறை ஊறிய விரல்கள்.

"என்னம்மா வேணும்?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

கைகள் எதையும் எடுக்க நீளவில்லை. நிமிர்ந்தாள். இரஞ்சிதம் நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பின்னால் ராஜலிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

சிவமணியின் உடம்பு முழுக்க ஒரு சந்தோசம் ஓடியது. ஓடிய அதே வேகத்தில், மகளின் காலில் ஆம்பிளைச் செருப்பைக் கண்டதும், தான் கேட்ட வரம் நினைவுக்கு வந்து, அது வெட்கமாக மாறியது.

"நேரா அறைக்கு வராம ஏன்டி வரிசையில நின்ன?"

"எல்லாரும் நிக்கிறாங்கல்லம்மா," என்றாள் இரஞ்சிதம். "மன்னார்ல ஒரு பள்ளிக்கூடத்துல வச்சிருந்தாங்க. கப்பல் வரும் வரும்னாங்க. அப்பறம் வந்த எடத்துக்கே போங்கன்னுட்டாங்க."

சிவமணி மேசையில் இருந்த நல்ல சட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். பாயை எடுத்தாள், போர்வையை எடுத்தாள். இரஞ்சிதம் எதையும் தொடவில்லை.

"எங்கம்மா வைக்கிறது?" என்றாள். "பிள்ளைக்கு ஒரு சட்டை மட்டும் குடுங்க."

போதகர் அவர்களை மண்டபத்தில் தங்கச் சொன்னார். ஆனால் ராஜலிங்கத்தால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தோட்டம், தோட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கவ்வாத்துக் காலம், ஆள் தேவைப்படும், தொரை மனசு வைத்தால் லயத்தில் பழைய காம்பரா அறையையே கொடுப்பார் என்றான். அவன் சொல்லச் சொல்ல இரஞ்சிதத்தின் கண்கள் விரிந்தன. அடுப்படிக் கூரையை இந்த முறை மாற்ற வேண்டும், பின்பக்கம் பீர்க்கு போட வேண்டும் என்று அவளும் பேசினாள். சிவமணி போதகரிடம் கேட்டுக்கொண்டு, அவர்களோடு கலஹா பஸ்ஸில் ஏறினாள்.

தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கர் அவர்களை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினார். கெட்ட மனிதரில்லை. ராஜலிங்கத்தைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"பேரு வெட்டியாச்சு ராஜலிங்கம். சேமிப்புப் பணமும் குடுத்தாச்சு. மறுபடி பதிய எனக்கு அதிகாரமில்ல."

"நாங்க போகலையேங்க. இந்தா நிக்கிறோமே."

"நிக்கிறீங்க, எனக்குத் தெரியுது. தோட்டத்துக் கணக்குல நீங்க இந்தியாவுல இருக்கீங்க."

"அன்னாடம் கைக்காசுக்கு வேலையாவது..." என்று சிவமணி தொடங்கினாள்.

"புல்லு வெட்டுற கொந்தராத்து வேலை எப்பவாச்சும் வரும். வந்தாச் சொல்றேன். லயத்துல தங்க ஏலாது. அத மட்டும் கேக்காதீங்க."

திரும்பும் பாதை லயத்தின் முன்னால்தான் போனது. அவர்கள் வேகமாக நடந்துவிடப் பார்த்தார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. கடைசிக் காம்பரா வாசலிலிருந்து ஒரு இளம் பெண், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள்.

"நனையாம வாங்கக்கா. தேத்தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்."

அதுதான் அவர்களுடைய காம்பரா. புதிதாகப் பேர் பதிந்து குடிவந்தவளுக்கு வந்திருப்பவர்கள் யாரென்று தெரியவில்லை. கதவுக்கு நீலச் சாயம் பூசியிருந்தாள். கூரை இறவாணத்துக்குக் கீழே மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். ராஜலிங்கம் பிள்ளையை இறக்கிவிட்டுத் தலையைத் துவட்டினான். உள்ளே அடுப்பு எரிந்தது. ரொட்டி வாசம் வந்தது. இரஞ்சிதம் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே மழையையே பார்த்தாள்.

"எந்தத் தோட்டத்துலருந்து வர்றீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ராஜலிங்கம் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். "கண்டிப் பக்கம்," என்று கடைசியில் சிவமணி சொன்னாள்.

அதற்குள் பிள்ளை வாசற்படியில் கை ஊன்றி ஏறியது. யாரையும் கேட்காமல், திரும்பியும் பார்க்காமல், அந்த இருட்டுக்குள் நேராக நடந்து அடுப்படிச் சுவரோரத்துக்குப் போனது. அங்கே வெறுந்தரையில், சூடான சுவரில் முதுகு படும்படி ஒருக்களித்துப் படுத்து, விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"அட, யாரு வூடுன்னு நெனச்சுக்கிட்டுப் படுக்குது பாருங்க!" என்று அந்தப் பெண் சிரித்தாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி வழிவிட்டு விலகி நின்றாள்.

வாசற்படிக்கு வெளியே நின்ற மூவரில் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.