ஞாயிறு நான்கு மணி நடவடிக்கைக் குறிப்பு

நகராட்சி மன்றம் கூடும்போதெல்லாம் யார் என்ன பேசினார்கள் என்று எழுதிவைப்பதுதான் அவள் உத்தியோகம். இருபது வருடமாக அதே மேசை, அதே நீலப் பேனா. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசினால், 'உறுப்பினர்கள் கருத்துப் பரிமாறிக்கொண்டனர்' என்று எழுதுவாள். ஒருவர் நாற்காலியைத் தூக்கி வீசிய அன்று, 'இருக்கை ஒன்று இடம் மாற்றி அமைக்கப்பட்டது' என்று எழுதினாள். இதில் குறும்பு எதுவும் கிடையாது. நடந்ததை மரியாதையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கணவருக்குச் சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காட்சி எல்லாம் எடுப்பதில்லை. பாஸ்போர்ட் போட்டோ மட்டும். காலையிலிருந்து மாலைவரை அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "சிரிக்காதீங்க, பல்லு தெரியக் கூடாது." அப்படிச் சொன்னால் சும்மா இருப்பவனுக்கும் சிரிப்பு வரும். வந்தவர்களெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டு பொங்கிப் பொங்கி அடக்குவார்கள். அவர் மட்டும் கேமராவுக்குப் பின்னால் கல்லுமாதிரி நிற்க வேண்டும். அந்த வாரத்துச் சிரிப்பு முழுவதையும் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் வெளியே விடுவார்.

ஞாயிறு நாலு மணிக்கு ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சி. துண்டு துண்டாகச் சின்ன நாடகங்கள். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'தயவுசெய்து வரிசையில் நிற்கவும்' என்று வரும். வீட்டில் அதற்குச் சுருக்கமாக 'வரிசை' என்று பெயர். மூன்று ஆண்கள், ஒரு பெண், நான்கு பேர்தான் எல்லா வேஷமும் கட்டுவார்கள். மாடி வீட்டில் குடியிருக்கும் அவள் தம்பி, பஸ் டிரைவர், மூன்றே முக்காலுக்கே இறங்கி வந்துவிடுவான். மாமனும் மச்சானும் சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்வார்கள்; நாலரைக்கு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள்.

அவளும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சிரிப்பு மட்டும் புரியவில்லை. "அந்த அம்மா எதுக்கு அவர் தொப்பிக்குள்ள கஸ்டர்டை ஊத்துறா?" என்று கேட்டாள். தம்பி விளக்க ஆரம்பித்தான். பாதி விளக்கத்தில் அவனுக்கே ஏன் என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த நாடகம் முடிந்துவிட்டது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னறையில் துணிகளுக்கு இஸ்திரி போடத் தொடங்கினாள். முன்னறையிலிருந்து கணவரின் சிரிப்பு வந்து மோதும்போதெல்லாம் ஒரு சட்டையின் காலரை வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதரை அவள் ஒருதடவைகூட அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. ஆபீஸில் எல்லோரும் சிரித்த ஒரு ஜோக்கை மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னாள். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார். முன்பின் தெரியாத நாலு வெள்ளைக்காரர்கள் மேல் பொறாமைப்படுவது அசட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஸ்டூடியோவின் இரும்பு ஸ்டூலை ஒற்றைக் கையால் தூக்கப்போய் அடிவயிற்றில் என்னமோ பிடுங்கிக்கொண்டது. குடலிறக்கம் என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா கறாரான பேர்வழி. வீட்டுக்கு அனுப்பும்போது விரலை மடக்கிச் சொன்னார்: கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக, தையல் பிரிக்கும்வரை குலுங்கிச் சிரிக்கவே கூடாது. போட்டோக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த ஞாயிறு அந்த வருடத்து 'வரிசை'யின் கடைசி வாரம். கைபேசியில் படம் பார்க்கும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை. தவறவிட்டால் விட்டதுதான்.

அவள் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமையே தம்பியைக் கூப்பிட்டு டிவிப் பெட்டியை மாடிக்குத் தூக்கச் சொன்னாள். தம்பியையும் கீழே வரக் கூடாது என்று தடை போட்டாள். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே இவருக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிடும். "நான் ஒண்ணுமே பேச மாட்டேன்க்கா, சும்மா ஓரமா நிக்கிறேன்" என்று கெஞ்சிப் பார்த்தான். அவன் ஓரமாக நிற்பதே சிரிப்பாகத்தான் இருக்கும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணியிலிருந்து அவர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாகமா என்றால் இல்லை. வலியா என்றால் இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லேன்."

"நானா? எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

"அதான். உன் தம்பி சொன்னா நடிச்சுக் காட்டுவான், தையல் போயிடும். நீ சொன்னா சிரிப்பே வராது. என்ன நடந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

அவர் அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தாள், நீலப் பேனாவைச் சட்டென்று உதறிப் பார்த்தாள், மாடி ஏறினாள். சிரிப்பு வராமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. ஊரிலேயே அதற்குத் தன்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

மாடியில் தம்பியை, வாயில் ஒரு துண்டைத் திணிக்காத குறையாக, உட்கார வைத்தாள். சத்தம் கீழே கேட்டால் பெட்டியை அணைத்துவிடுவேன் என்றாள். அரைமணி நேரம் அவன் குஷனைக் கடித்துக்கொண்டு புரண்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள். யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் பெறப்பட்டது, ஒன்று விடவில்லை. முடிந்ததும் தம்பியின் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, எண் போட்டு, சுத்தப் பிரதி எழுதினாள். அது அவள் வழக்கம்.

கீழே வந்து கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மன்றத்தில் வாசிக்கும் அதே குரலில் வாசித்தாள்.

"ஒன்று. கடற்படை அதிகாரி ஒருவர், தாம் இரவல் பெற்றிருந்த நீர்மூழ்கிக் கப்பலைத் திருப்பி ஒப்படைக்கும் பொருட்டு நூலகத்துக்கு வருகை தந்தார். பதினோரு ஆண்டுகள் தாமதத்துக்குக் காரணம் வினவப்பட்டது. தாம் இன்னும் பாதிவரைதான் வந்திருப்பதாக அவர் தெரிவித்தார். அமைதி காக்குமாறு நூலகர் கேட்டுக்கொண்டதன் பேரில், கப்பல் நீருக்குள் இறங்கியது. நூலகத்தில் நீர் எவ்வாறு வந்தது என்பது விளக்கப்படவில்லை."

 அவர் கை மெல்ல நகர்ந்து தலையணையைத் தேடியது. வெயில் கண்ணில் படுகிறதோ என்று அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இரண்டு. கனவான்கள் இருவர் ஒரு கதவருகே சந்தித்தனர். முதலில் செல்லுமாறு ஒருவரை மற்றவர் கேட்டுக்கொண்டார். இக்கோரிக்கை நாற்பத்தோரு முறை முன்வைக்கப்பட்டது. இதற்கிடையில் ஒருவருக்குத் தாடி வளர்ந்தது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. கதவு மட்டும் எஞ்சியது. சுற்றிச் செல்லலாம் என்ற யோசனை எத்தரப்பிலிருந்தும் வரவில்லை."

அவர் முகம் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்று வேகமாகத் தலையாட்டினார். நிறுத்தட்டுமா என்றாள். வேண்டாமென்று அதைவிட வேகமாகத் தலையாட்டினார்.

"மூன்று. வானிலை அறிவிப்பாளர் மழை சார்பாகப் பொதுமக்களிடம் மன்னிப்புக் கோரினார். பிறகு பொதுமக்கள் சார்பாக மழையிடம் மன்னிப்புக் கோரினார். மழை அதை ஏற்கவில்லை. நான்கு. பெண்மணி ஒருவர், முன்னறிவிப்பு ஏதுமின்றி, பக்கத்தில் இருந்தவரின் தொப்பிக்குள் மஞ்சள் நிறத் திரவத்தை ஊற்றினார். தொப்பிக்குரியவர் நன்றி தெரிவித்தார். பொது. நிகழ்ச்சி முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாத நபர்கள் அறுபத்திரண்டு முறை சிரித்தனர். இவர்கள் யார், எதன் பேரில் அனுமதிக்கப்பட்டனர் என்பது குறித்து யாரும் கேள்வி எழுப்பவில்லை."

முதலில் வந்தது சிரிப்பே இல்லை, குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல். அப்புறம் கட்டில் ஆடத் தொடங்கியது. அவர் தலையணையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, "ஐயோ, அம்மா, வேண்டாம்" என்று முனகியபடியே சிரித்தார். கண்ணீர் காதுக்குள் வழிய வழியச் சிரித்தார்.  இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை. அதற்குள் அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். கட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

தம்பி தடையை மீறி ஓடிவந்து டாக்ஸி பிடித்தான். வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். கட்டின மனுஷனுக்கு வாசித்துக் காட்டியே வயிற்றைக் கிழித்தவள் என்று பெயர் வாங்கப்போகிறோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. முன்சீட்டில் தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தான். அவனும் அழுகிறான் என்றுதான் நினைத்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு தையல்தான் லேசாக விட்டிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. புதுக்கட்டுப் போடச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். என்ன செய்தார் இவர், எதையாவது தூக்கினாரா என்று அதட்டலாகக் கேட்டார். சிரித்தார் என்றாள். டிவி பார்க்க விட்டீர்களா என்றார். இல்லை, சிரிப்பு வரக் கூடாது என்றுதான் இப்படி எழுதிக்கொண்டு வந்து வாசித்தேன் என்று குற்றவாளிமாதிரி நோட்டை நீட்டினாள்.

டாக்டரம்மா நின்றபடியே படித்தார். முதல் பத்தியில் புருவம் ஏறியது. இரண்டாவதில் உதட்டை மடித்துக் கடித்தார். அப்புறம் "ஒரு நிமிஷம்" என்று நோட்டோடு திரைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து யாரோ மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஏதோ ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கையை நிறுத்தி, பயந்துபோய்த் திரையைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தபோது முகம் பழையபடி கறாராகத்தான் இருந்தது. குரல்தான் கொஞ்சம் கம்மியிருந்தது.

"தையல் பிரிக்கிற வரைக்கும் இதை இவர் கண்ணுல காட்டக் கூடாது" என்றார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் விரலில் வைத்தபடி, "இந்த ரெண்டாவது ஐட்டம் மட்டும் காப்பி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டாக்ஸியில் அவர் பின்சீட்டில் அவள் தோளில் சாய்ந்திருந்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார், ஸ்டூடியோவில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல.

"பத்தொன்பது வருஷமா இதை எங்க வச்சிருந்தே?"

"எதை?"

"இப்படிப் பேசுறதை."

"ஆபீஸ்ல" என்றாள்.

அவர் உடனே மடியில் வைத்திருந்த தலையணையை அணைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இதற்கும் ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவருக்கு வலிக்குமே என்ற பயத்தின் அடியில், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை யாரும் கவனிக்காதபடி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

தையல் பிரித்தார்கள், ஸ்டூடியோ திறந்தது. அடுத்த வருடம் 'வரிசை' மறுபடி தொடங்கியபோது இஸ்திரிப் பெட்டி சனிக்கிழமைக்கு மாறியிருந்தது. மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் நோட்டோடு அவள். அந்த நாலு பேரும் என்ன கூத்தடித்தாலும் அவளுக்கு இப்போதும் சிரிப்பு வருவதில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மாமனும் மச்சானும் பெட்டியை அணைத்துவிட்டு, பிரதி தயாராகும்வரை சத்தம் காட்டாமல் காத்திருப்பார்கள். உண்மையான நிகழ்ச்சி அவர்களுக்கு அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பின்னறையில் சுத்தப் பிரதி எழுதிக்கொண்டிருந்தவள் ஒரு வரியில் நின்றாள். அந்த வாரம் ஒரு நீதிபதி, சாட்சிக் கூண்டில் நின்ற ஆட்டிடம் விடாமல் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் கோபத்தில் மேசையைக் குத்தினார். 'ஆடு பதில் அளிக்காததால் நீதிபதி கடும் கோபம் அடைந்தார்' என்று எழுதியிருந்தாள். நடந்தது அதுதான். ஆனாலும் வரி என்னமோ கொழகொழவென்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'ஆடு தனது முந்தைய நிலைப்பாட்டையே மீண்டும் உறுதி செய்தது' என்று எழுதினாள்.

படித்துப் பார்த்தாள். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மூக்கு வழியாக வந்தது. பேனா மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டாள், நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை.

முன்னறையில் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா ஆச்சு?" என்று தம்பி குரல் கொடுத்தான்.

"ஒண்ணும் ஆகலை, பேசாம இரு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் எழுதி முடிக்கலை."